பட்டம் பெறாத விஞ்ஞானி டி ஹெரல்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் பஸ், 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கும் முன் கல்லாற்றைத் தாண்டிப் போகிறது. விடுமுறை நாட்களில் நம்மவர்கள் குடும்பத்தோடு அங்கே இறங்கிக் கைகால் நனைக்காமல் மலை ஏறுவதில்லை. கண்ணாடி போன்ற அந்தத் தண்ணீரில் அடியில் கிடக்கும் உருண்டைக் கற்கள் தெரியும். மீன் குஞ்சுகள் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஜீவராசிகளும் அதில் உண்டு. எந்த ஆற்று நீரிலும் ஒரு தேக்கரண்டி மொண்டால் லட்சக்கணக்கில் பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றையே இரையாகக் கொள்ளும் வைரஸ்கள், பெரும்பாலும் அவற்றைப் போலப் பத்து மடங்கு இருக்கும்.

இந்த வைரஸ்களுக்கு பாக்டீரியோபேஜ் என்று பெயர். சுருக்கமாக பேஜ் என்பார்கள். பாக்டீரியாவைத் தின்பது என்று பொருள். மனிதனின் உடம்பை இவை தாக்குவதில்லை, பாக்டீரியாவுக்குத்தான் எமன். இந்தப் பெயரைச் சூட்டியவரும், நோய்க்கிருமியைக் கொல்ல இவற்றையே மருந்தாகக் கொடுக்கலாம் என்று முதலில் துணிந்தவரும் பெலிக்ஸ் டி ஹெரல் என்பவர். கல்லூரி வாசலை மிதித்துப் பட்டம் வாங்காதவர். பிழைப்புக்காக நாடு நாடாக அலைந்தவர். நமது நாட்டுக்கும் வந்து, பஞ்சாப் கிராமங்களில் வாந்தி பேதியோடு மல்லுக்கு நின்றவர். அவருடைய மருந்து சில இடங்களில் அதிசயமாக வேலை செய்தது. சில இடங்களில் கைவிட்டது. ஏன் கைவிட்டது என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை, அவர் காலமாகி அறுபது வருஷங்களுக்கும் மேல் ஆன பிறகே கிடைத்திருக்கிறது.

சாக்லெட்டில் கரைந்த சொத்து

டி ஹெரல் 1873 ஏப்ரல் 25-ந் தேதி பிறந்தார். கனடாவில் மாண்ட்ரியல் நகரில் பிறந்ததாகவே ஆயுள் முழுவதும் சொல்லி வந்தார். பிற்காலத்தில் பழைய ஏடுகளைப் புரட்டியவர்கள், அவர் பிறந்தது பாரிஸில் என்று கண்டார்கள். ஆறு வயதில் தகப்பனார் காலமானார். பள்ளிப் படிப்புக்கு மேல் முறையான படிப்பு இல்லை. பதினாறு, பதினேழு வயதிலேயே சைக்கிளில் ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்பிவிட்டார். இருபது வயது வாக்கில் கல்யாணமும் ஆயிற்று.

பிறகு மனைவியோடு கனடாவுக்குப் போனார். வீட்டிலேயே ஒரு சோதனைச்சாலை வைத்துக்கொண்டு, புத்தகங்களைப் படித்தே கிருமிகளைப் பற்றிக் கற்றுக்கொண்டார். தம்பியுடன் சேர்ந்து ஒரு சாக்லெட் தொழிற்சாலையில் பணத்தைப் போட்டார். அது திவாலாகிவிட்டது. கையில் காசு இல்லை, குழந்தைகள் வேறு. இந்த நிலையில் 1901-ல் மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் கிருமி ஆராய்ச்சியாளர் வேலை கிடைக்க, குடும்பத்தோடு கப்பல் ஏறினார். சர்டிபிகேட் கேட்டிருந்தால் அவரிடம் காட்ட ஒன்றும் இருந்திராது. அங்கிருந்து 1907-ல் மெக்சிகோ. கற்றாழை நார் எடுத்தபின் மிஞ்சும் சக்கையிலிருந்து சாராயம் காய்ச்சும் முறையைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே அவருக்குக் கிடைத்த வேலை. இதற்கு முன்பே வாழைப்பழத்திலிருந்தும் சாராயம் எடுத்துப் பார்த்தவர் அவர்.

மெக்சிகோவில் இருந்தபோது வெட்டுக்கிளிப் படை வந்தது. பயிரை மேய்ந்த அந்தப் பூச்சிகள் சில இடங்களில் பேதியாகிச் செத்துக் கிடந்தன. அந்தப் பேதிக்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்து, நல்ல வெட்டுக்கிளிகள் மேல் தெளித்தால் அவையும் சாகின்றன என்று காட்டினார். இதனால் பெயர் வெளியே தெரிந்தது. அர்ஜென்டினா அழைத்தது, பிறகு துனீசியா அழைத்தது. இடையில் பாரிஸில் புகழ்பெற்ற பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தார். சேர்ந்தார் என்றால் சம்பளத்துக்கு அல்ல. தொடக்கத்தில் சம்பளமில்லா உதவியாளராகத்தான்.

கலங்கல் தெளிந்த காலை

முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. 1915-ல் பாரிஸுக்கு அருகே மைசோன் லாபித் என்ற ஊரில் முகாமிட்டிருந்த குதிரைப்படையினரிடையே ரத்தபேதி பரவியது. அதை ஆராய டி ஹெரலை அனுப்பினார்கள். நோயாளிகளின் மலத்தைக் கரைத்து, மெல்லிய துவாரங்கள் கொண்ட பீங்கான் வடிகட்டியில் வடித்தார். நம் வீடுகளில் குடிதண்ணீர் பில்டருக்குள் இருக்குமே, மெழுகுவர்த்தி மாதிரி ஒரு பீங்கான் குழல், அதே ரகம்தான். பாக்டீரியா அதில் நுழைய முடியாது. வடிந்த தெளிவு நீரை, ரத்தபேதிக் கிருமி செழித்துக் கலங்கலாக இருக்கும் குழாயில் சில சொட்டுகள் விட்டு, கதகதப்பான பெட்டியில் வைத்தார். ஒரே நோயாளியிடமிருந்து தினந்தோறும் எடுத்து இப்படிச் சோதித்து வந்தார். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் காலையில் பெட்டியைத் திறந்தால் முந்தின நாள் கலங்கலாக இருந்த குழாய் தெளிந்து கிடந்தது. கிருமிகள் சர்க்கரை கரைந்த மாதிரி கரைந்துபோயிருந்தன. ஓடிப் போய் நோயாளியைப் பார்த்தார். அவரும் தேறிக்கொண்டிருந்தார்.

வடிகட்டியிலும் தங்காத ஏதோ ஒன்று, கிருமியைக் கொல்லும் வேறொரு கிருமி, நோயாளியின் குடலிலேயே பெருகியிருக்கிறது என்று அவர் தீர்மானித்தார். 1917 செப்டம்பரில் பிரெஞ்சு விஞ்ஞான அகாடமியில் இந்தச் செய்தி வாசிக்கப்பட்டது. இரண்டு வருஷங்களுக்கு முன்பே, 1915-ல், லண்டனில் பிரெடரிக் ட்வார்ட் என்பவர் இதே அதிசயத்தைக் கண்டு எழுதியிருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ட்வார்ட் அது இன்னதென்று முடிவு கட்டவில்லை. டி ஹெரல் கட்டினார்.

பேஜ் வேலை செய்யும் விதம் இது. ஒவ்வொரு வகை பேஜுக்கும் அதற்கென்று குறிப்பிட்ட பாக்டீரியா உண்டு. பாக்டீரியாவின் மேல்தோலில் உள்ள ஏதோ ஒரு பொருளை அடையாளம் கண்டு, பூட்டில் சாவி பொருந்துவதுபோல் ஒட்டிக்கொள்ளும். தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தும். பிறகு அந்த பாக்டீரியா தன் வேலையை விட்டுவிட்டு பேஜ்களைத் தயாரிக்கும் தொழிற்சாலையாகிவிடும். அரை மணி நேரத்துக்குள்ளாகவே அது வெடிக்க, நூறு பேஜ்கள் வரை வெளியே கிளம்பி அடுத்தடுத்த பாக்டீரியாவைப் பிடிக்கும். பூட்டு இல்லாவிட்டால் சாவிக்கு வேலை இல்லை என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் பிற்பகுதிக்கு அது தேவைப்படும்.

1919-ல் பாரிஸில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தபேதியால் அவதிப்பட்ட ஒரு சிறுவனுக்கு இந்த மருந்தைக் கொடுத்தார்கள். அதற்கு முன், விஷம் அல்ல என்று உறுதி செய்துகொள்ள, டி ஹெரலும் உடனிருந்த டாக்டர்களும் தாங்களே அதைக் குடித்துப் பார்த்தனர். சிறுவன் பிழைத்தான்.

பெரிய மனிதர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜூல்ஸ் போர்டே 1919-க்கான நோபல் பரிசு பெற்றவர். பேஜ் என்று உயிருள்ள ஒன்று கிடையாது, பாக்டீரியாவே சுரக்கும் ஒரு ரசாயனப் பொருள்தான் அதைக் கரைக்கிறது என்று அவர் வாதாடினார். சண்டை வருஷக்கணக்கில் நீண்டது. டி ஹெரலும் லேசுப்பட்டவர் அல்ல. விட்டுக்கொடுத்துப் பேசத் தெரியாதவர், எதிராளியைப் பகைத்துக்கொள்ளத் தயங்காதவர். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்து 1940-ல் பேஜின் உருவம் படத்தில் விழுந்தபோதுதான் அவர் பக்கம் நியாயம் என்று ஊர்ஜிதமாயிற்று.

சூயஸிலிருந்து பஞ்சாபுக்கு

1925-ல் எகிப்தில் கப்பல் பிரயாணிகளின் நோய்த் தடுப்பு இலாகாவில் பணியாற்றினார். சூயஸ் கால்வாய் வழியாக வந்த கப்பலில் நான்கு பேருக்கு பிளேக். அவர்களுடைய நெறிக்கட்டிகளிலேயே பேஜை ஊசி மூலம் செலுத்தினார். நால்வரும் பிழைத்தார்கள். பிளேக் என்றால் பிணம் என்றிருந்த காலம் அது. பிரிட்டிஷ் இந்திய அதிகாரிகள் கவனம் திரும்பியது. பம்பாய் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். 1927-ல் கல்கத்தாவிலும் பஞ்சாபிலும் காலரா ஆராய்ச்சியில் இறங்கினார். அவரோடு மலோன் என்ற ஆங்கில மருத்துவ அதிகாரியும் லாகிரி என்ற இந்திய டாக்டரும் உழைத்தார்கள்.

இந்தியாவுக்கு இந்தச் சங்கதி முற்றிலும் புதிதல்ல. 1896-லேயே ஆக்ராவில் ஹாங்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை, யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமி வெகு சீக்கிரம் மடிந்துவிடுவதையும், அதே நீரைக் காய்ச்சிவிட்டால் அந்தச் சக்தி போய்விடுவதையும் கண்டு எழுதியிருந்தார். அது பேஜின் வேலையாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் நினைத்தார்கள்.

பஞ்சாபில் டி ஹெரல் கிராமம் கிராமமாகப் போனார். நோயாளிகளுக்கு பேஜைக் குடிக்கக் கொடுத்தார். கிராமக் கிணறுகளிலும் ஊற்றினார். தானாகப் பிழைத்த காலரா நோயாளிகளின் வயிற்றில் வீரியமுள்ள பேஜ் இருப்பதையும், இறந்தவர்களிடம் அது அவ்வளவாக இல்லாததையும் குறித்து வைத்தார். நோய் எப்படிப் பரவுகிறதோ அப்படியே குணமும் கிணற்று வழியாகப் பரவுகிறது என்பது அவர் சித்தாந்தம். அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள்; பெற்றவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இறக்கவில்லை.

கணக்கைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் இரு தரப்பாரும் எல்லா விதத்திலும் சமமானவர்களா, யார் எந்தக் கட்டத்தில் மருந்து வாங்கினார்கள் என்ற கேள்விகள் எழுந்தன. டி ஹெரல் போனபின், சர்க்கார் ஆதரவில் இந்த விசாரணை 1936 வரை நடந்தது. பாட்னாவில் ஆஷெஷோவ் என்ற ரஷ்ய நிபுணர் ஆராய்ந்தார். அசாமில் மாரிசன் என்ற அதிகாரி நவ்காங் பகுதியில் கிராமத் தலைவர்கள் கையில் பேஜ் மருந்துக் குப்பிகளைக் கொடுத்து வைத்து, ஹபிகஞ்ச் பகுதியை ஒப்பிட்டுப் பார்த்தார். காலரா சாவு குறைந்தது உண்மை. அது மருந்தினாலா, காலரா இயற்கையாகவே தணிந்த வருஷங்களாலா என்பது கடைசி வரை தீரவில்லை. ஓர் ஊரில் பலித்த மருந்து இன்னோர் ஊரில் பலிக்காத அனுபவமும் பேஜுக்கு உலகமெங்கும் நேர்ந்தது. பிறகு சல்பா மாத்திரைகளும் பென்சிலினும் வந்தன. பேஜை மேலை நாடுகள் மறந்தன. காலராவுக்கும், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து உயிர் காக்கும் சுலபமான வழி 1971 வங்காள அகதி முகாம்களில் நிரூபணமாயிற்று. இன்றைக்கும் வாந்தி பேதி கண்டவருக்கு முதலில் வேண்டியது அதுதான்.

கடைசி நாட்கள்

1928-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத இந்த மனிதரைப் பேராசிரியராக அமர்த்திக்கொண்டது. அங்கேயும் மனஸ்தாபம். 1933-ல் ராஜினாமா. அடுத்து சோவியத் நாட்டில் ஜார்ஜியாவின் தலைநகரான திபிலிசிக்குப் போனார். பாரிஸில் தம்மோடு பழகிய ஜார்ஜ் எலியாவா அங்கே பேஜ் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் கட்டிக்கொண்டிருந்தார். டி ஹெரல் சமதர்ம ஆட்சியில் நம்பிக்கை கொண்டு, தாம் எழுதிய ஒரு நூலை ஸ்டாலினுக்குச் சமர்ப்பணமே செய்தார். 1937-ல் அதே ஸ்டாலின் ஆட்சி எலியாவாவைக் கைது செய்து சுட்டுக் கொன்றது. டி ஹெரல் அதன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டாம் யுத்தத்தில் ஜெர்மானியர்கள் அவரைப் பிரான்சில் வீட்டுக் காவலில் வைத்தார்கள். 1949 பிப்ரவரி 22-ந் தேதி பாரிஸில் கணையப் புற்றுநோயால் காலமானார். நோபல் பரிசுக்கு அவர் பெயர் பல முறை சிபாரிசு செய்யப்பட்டது; ஒரு முறையும் கிடைக்கவில்லை. திபிலிசி நிலையம் மட்டும் எலியாவா பெயரிலேயே இன்றும் இயங்குகிறது. ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்காத புண்ணோடு வெளிநாட்டார் அங்கே போய் பேஜ் வைத்தியம் செய்துகொண்டு திரும்புகிறார்கள்.

கிருமிகளுக்கும் உண்டு கோரம்

டி ஹெரலை உறுத்திய ஒரு விஷயம் உண்டு. தெளிந்த குழாயை அப்படியே சில நாள் வைத்தால் சில சமயம் மறுபடி கலங்கியது. தப்பிப் பிழைத்த ஒரு சில பாக்டீரியாக்கள் பெருகிவிட்டன. இவற்றை பேஜ் தொடுவதில்லை. 1943-ல் லூரியா, டெல்புரூக் என்ற இருவர் இதற்கு ஒரு காரணம் காட்டினர்: கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் ஒன்றிரண்டு, பிறவியிலேயே பூட்டு மாறிப் பிறந்துவிடுகின்றன. இது உண்மை. ஆனால் முழு உண்மை அல்ல. பூட்டு மாறாத சாதாரண பாக்டீரியாக்களும் சில வேளை பேஜுக்கு ஒளிந்துகொள்கின்றன. எப்போது? பக்கத்தில் கூட்டம் சேர்ந்திருக்கும்போது.

சங்கக் கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பொதுக்குழுவில் இத்தனை பேர் வந்தால்தான் தீர்மானம் போடலாம், இல்லாவிட்டால் ஒத்திவைப்பு. அதைத்தான் கோரம் என்கிறோம். பாக்டீரியாக்களும் தலையெண்ணிப் பார்க்கின்றன. ஒவ்வொன்றும் சிறிதளவு ரசாயனப் பொருளை வெளியே விடுகிறது. ஆள் குறைவாக இருந்தால் அது தண்ணீரோடு கரைந்து போய்விடும். கூட்டம் நெருங்க நெருங்க அந்தப் பொருள் சேர்ந்துகொண்டே வந்து, ஓர் அளவைத் தாண்டியதும் எல்லா பாக்டீரியாக்களும் ஒரே சமயத்தில் நடத்தையை மாற்றிக்கொள்ளும். கடல்வாழ் பாக்டீரியா ஒன்று கூட்டம் சேர்ந்தால் மட்டும் விளக்குப்போல் ஒளிவிடுவதை ஆராய்ந்து, 1970-ல் அமெரிக்காவில் நீல்சன், ஹேஸ்டிங்ஸ் முதலானோர் இந்த வழக்கத்தை வெளிப்படுத்தினர். இதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரிலும் கோரம் என்ற சொல்லே இருக்கிறது.

பேஜுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பேஜ் ஒரு தொற்றுநோய் மாதிரி. பொன்முடிச் சரிவில் ஓடும் நீரில் பாக்டீரியாக்கள் சிதறிக் கிடக்கும். ஒன்று வெடித்தாலும் அடுத்தது எட்டத்தில் இருக்கும். அதே தண்ணீர் ஒரு தொட்டியில் தேங்கி, எச்சிலும் அழுக்கும் சேர்ந்து, பாக்டீரியா நெருக்கியடித்துப் பெருகினால் ஒன்றில் நுழைந்த பேஜ் முழுக் கூட்டத்தையும் அழித்துவிடும். ஆகவே கூட்டம் சேர்ந்ததுமே தற்காப்பைப் பலப்படுத்துவது பாக்டீரியாவுக்கு லாபம். தனித்திருக்கும்போது அந்தச் செலவு வீண். ஏனென்றால் பேஜ் பற்றிக்கொள்ளும் அந்தப் பூட்டுகளில் பல, பாக்டீரியா தனது உணவை உள்ளே இழுக்கும் வாசல்கள். வாசலை எந்நேரமும் மூடிவைத்தால் பட்டினிதான்.

2013-ல் டென்மார்க்கில் கோபன்ஹேகன் ஆராய்ச்சியாளர்கள் நம் குடலில் வாழும் ஈ கோலி பாக்டீரியாவில் இதை அளந்து காட்டினார்கள். வேறு இனக் கிருமிகள் விடும் சைகைப் பொருளை உணர்ந்ததும், அது தன் மேல்தோலில் உள்ள பூட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டது. ஒட்டிக்கொள்ளும் பேஜ்களின் வேகமும் குறைந்தது.

டி ஹெரலின் பழைய எதிரியைப் பற்றிய செய்தி 2016-ல் வந்தது. டாக்காவில் ஷா பரூக் என்ற விஞ்ஞானியின் குழுவினர் காலராக் கிருமியையே எடுத்துக்கொண்டார்கள். வங்காளத்தில் காலரா ஒவ்வொரு பருவத்திலும் கிளம்பி, நீர்நிலைகளில் பேஜ் பெருகப் பெருகத் தணிகிறது என்பதை இவர்கள் முன்பே காட்டியிருந்தார்கள். அப்படியானால் அடுத்த பருவத்துக்கு விதை எங்கே மிஞ்சுகிறது? சைகைப் பொருளைத் தயாரிக்க முடியாதபடி செய்யப்பட்ட காலராக் கிருமிகளை பேஜ்கள் எளிதில் கொன்றன. வெளியிலிருந்து சைகைப் பொருளைச் சேர்த்தபோது கிருமிகள் அதிகம் பிழைத்தன. பேஜின் எண்ணிக்கை குறைந்தது. கூட்டத்தின் சைகை கேட்டதும் பூட்டுகள் குறைகின்றன. அதோடு கிருமி வெளியே சுரக்கும் ஒரு புரதச் சிதைப்பொருளும் கூடுகிறது.

பஞ்சாபில் சில இடங்களில் பேஜ் தோற்றதற்கு இது ஒன்றே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. மருந்து தயாரித்த விதம், தவறான பேஜ், தாமதமாகக் கொடுத்தது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஒரே கிருமி, ஒரே பேஜ், ஒரு நாள் அடங்கியும் மறு நாள் அடங்காமலும் இருக்க முடியும் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. கிருமியும் பேஜும் ஒன்றுக்கு ஒன்றாய் மோதும் குஸ்தியாகவே அவர் இதைக் கண்டார். கூட்டத்துக்குள் ஒரு பேச்சு நடக்கிறது என்பது அந்தக் காலத்தில் எவர் கற்பனையிலும் இல்லை.

பேஜும் இளைத்தது அல்ல. 2017-ல் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள், பேஜ்களே தமக்குள் சைகைப் பொருள் விட்டுக்கொள்வதைக் கண்டார்கள். எஞ்சிய பாக்டீரியா குறைவு என்று தெரிந்தால் அவை கொல்வதை நிறுத்தி, பாக்டீரியாவுக்குள்ளேயே தூங்கக் கிடக்கின்றன. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் சில்ப்பி, போனி பாஸ்லர் என்ற இருவரும் இன்னும் விசித்திரமான ஒன்றைச் சொன்னார்கள். பாக்டீரியாவுக்குள் தூங்கும் ஒரு பேஜ், பாக்டீரியாக்களின் பேச்சை ஒட்டுக் கேட்கிறது. கூட்டம் சேர்ந்த சைகை வந்ததும் விழித்து, தான் தங்கியிருக்கும் பாக்டீரியாவை வெடிக்க வைத்து, சுற்றியுள்ளவற்றின் மேல் பாய்கிறது. அந்த இருவரும் இந்தப் பேஜின் காதை மாற்றியமைத்து, குறிப்பிட்ட கிருமி இனத்தின் அடையாளம் தெரிந்தால் மட்டும் கொல்லும்படி செய்து பார்த்தார்கள். அப்படிச் சோதனைச்சாலையில் குறிவைக்கப்பட்ட கிருமிகளில் காலராக் கிருமியும் ஒன்று.